பன்னிரண்டாம் நம்பர் மிஷின்

10-7-1978, திங்கள்

சனிக்கிழமை எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. "அம்மாசி எட்டு நிமிடம் தாமதம்" என்று வருகைப் பதிவேட்டிலும் இந்த நோட்டிலும் எழுதியிருந்தேன். அவர் தாமதமாக வரவில்லை. ஐந்து மணி ஆவதற்கு முன்பே மாடிப்படியில் நின்றிருந்தார். மெக்கானிக் மாதையன் பன்னிரண்டாம் நம்பர் மிஷினைப் பிரித்துப் போட்டிருந்தார். அதைப் பூட்டி முடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் வேறு நான்கு மிஷின்கள் சும்மாவே கிடந்தன. எனக்கும் அது தெரியும். பதிவேட்டில் மிஷின் கோளாறுக்கு ஒரு கட்டம் இல்லை, தாமதத்துக்கு இருக்கிறது. இருக்கிற கட்டத்தை நிரப்பிவிட்டேன்.

சின்னத் தவறுதான். ஆனால் இதைத் திருத்த உட்கார்ந்தபோது, இதற்கு முன்னால் எழுதியதையும் திருத்த வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஆட்டையாம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிர்மாடியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பன்னிரண்டு மிஷின்கள். நடத்துகிறவர் சென்னிமலை சார். தோட்டமும் இரண்டு லாரியும் உள்ளவர். பகலில் நான் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறேன், மாலை ஐந்து மணி பேட்சில் ஹையர் கிரேடு பரீட்சைக்குப் பயிற்சி செய்கிறேன். பதிவேடும் மிஷின் ஒதுக்கீடும் நான் பார்த்துக்கொள்வதால் எனக்குப் பீஸ் வாங்காமல் கற்றுத் தருகிறார். நல்ல மனிதர் என்றுதான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். எமர்ஜென்சியின்போது ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க, டீக்கடையில் நின்று "இது அடிமைத்தனம்" என்று சத்தமாகச் சொன்னவர். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு அவரே போய்ப் பேசி அழைத்து வந்தார். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்.

அம்மாசி போன டிசம்பரில் சேர்ந்தார். காலனிப் பையன், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர், பகலில் ஜவ்வரிசி ஆலையில் மாவு அள்ளுகிறார். முதல் ஆறு மாதம் எந்த மிஷின் காலியோ அதில் உட்கார்ந்தார். ஜூன் 5-ஆம் தேதி, ஆழ்குழாய்க் கிணறு போடும் போர் வண்டிக்காரர் சுப்பையன் வந்தார். அவர் மகள் வசந்தாமணி அப்போதுதான் ஐந்து மணி பேட்சில் சேர்ந்திருந்தாள்.

"ஏனுங்க சென்னிமலை, அந்தக் காலனிப் பையன் கைவெச்ச மிசின்லயே எம்புள்ளயும் கைவெக்கோணுமா? அப்படீன்னா நாங்க ஆறு ஊட்டுக்காரங்களும் வேற எடம் பாத்துக்கறோமுங்க" என்றார்.

சார் கோபப்படவில்லை. அம்மாசியைக் கூப்பிட்டார். "பன்னண்டாம் நம்பரு முழுசும் உனக்கே. வேற ஆரும் தொட மாட்டாங்க. சம்மதமா? இல்லீன்னா கட்டுன பீஸைத் திருப்பித் தந்தர்றேன், தாராளமாப் போலாம்" என்றார்.

அம்மாசி கடைசி வரிசை மிஷினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு "சரிங்க சார்" என்றார்.

"அம்மணி, எழுதிக்க. சம்மதத்தின் பேரில்" என்றார் சார் என்னிடம். நான் எழுதினேன். அடியில் கோடும் போட்டேன். அன்றைய நோட்டில், "யாருக்கும் கஷ்டமில்லாமல் முடிந்தது. ஒருவருக்கே ஒரு மிஷின் என்பது ஒரு விதத்தில் அவருக்கு வசதிதான்" என்று எழுதியிருக்கிறேன். இன்று படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

13-7-1978, வியாழன்

ஸ்பீடு பாடங்களை சார் தனக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து எடுப்பார். தனிமனித சுதந்திரம், லைசென்ஸ் பர்மிட்டின் கொடுமை, அரசாங்கம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது, இப்படி. அடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் தமிழில் விளக்கம் சொல்வார். எனக்கு அந்த ஐந்து நிமிடம் பிடிக்கும். எங்கள் அப்பா நூல் கோட்டாவுக்காக ஆபீஸ் ஆபீஸாக நின்றதைப் பார்த்தவள் நான்.

இன்றைய பாடம் அமெரிக்காவைப் பற்றியது. பதினான்கு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு சட்டம் வந்ததாம். ஓட்டல்காரர்களும் கடைக்காரர்களும் கறுப்பர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று. சுதந்திரத்தை விரும்புகிற சிலர் அதை எதிர்த்தார்களாம்.

"அவிங்களுக்குக் கறுப்பர் மேல வெறுப்புக் கெடையாது, அதை நல்லாக் கவனிக்கோணும்" என்றார் சார். "கடை என்னுது. ஆருக்கு விக்கறது, ஆரை உள்ள உடறதுங்கறது எம்பட இஷ்டம். நாளைக்கு அரசாங்கம் வந்து, இவனுக்குத்தான் உன் பொண்ணைக் குடுக்கோணும்னா குடுப்பமா? கொள்கைங்கறது அதுதான்."

நான் சாதாரணமாகக் கேள்வி கேட்கிறவள் இல்லை. தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்ற பயம் எப்போதும் உண்டு. இன்று கேட்டேன்.

"சார், அந்த ஓட்டல்காரங்க அல்லாருக்கும் அவங்கவங்க இஷ்டமுன்னா, அல்லாருக்கும் எப்படிங்க ஒரே இஷ்டம் வந்துச்சு?"

"என்ன அம்மணி?"

"ஒருத்தர் உசரமானவங்க வேண்டாமுங்கலாம், ஒருத்தர் தாடி வெச்சவங்க வேண்டாமுங்கலாம். அது இஷ்டமுங்க. ஊரு பூரா கறுப்பரை மட்டும் வேண்டாமுன்னா?"

சார் சிரித்தார். "நல்ல கேள்விதான். அதுக்கு முன்னால, பிரிச்சு வெக்கச் சொல்லியே அங்க அரசாங்கச் சட்டம் இருந்துச்சு. அதுவும் தப்புத்தான். எல்லாம் அரசாங்கம் கெடுத்தது."

"அந்தச் சட்டத்தையும் இந்தப் பத்திரிகைக்காரங்க இதே மாதிரி எதிர்த்து எழுதுனாங்களா சார்?"

"அது தெரியலை. நான் படிச்சதில்லை" என்றார். பொய் சொல்லவில்லை. பிறகு மணியைத் தட்டினார். எல்லோரும் அடிக்கத் தொடங்கினோம். கடைக்கார முதலாளியின் உரிமையைப் பற்றிய அந்த முந்நூறு வார்த்தைகளை, கடைசி வரிசைச் சுவரோரத்தில், தனக்கென்று ஒதுக்கிய மிஷினில் அம்மாசியும் அடித்தார். உருளை நடுவழியில் நின்று நின்று போனது. ஒவ்வொரு தடவையும் கையால் தள்ளிவிட்டு அடித்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

17-7-1978, திங்கள்

நான்கு நாட்களாக ஒரே சந்தேகம். அம்மாசியின் தாள்களைத் திருத்துவது நான்தான். மே மாதம் நிமிடத்துக்கு முப்பத்திரண்டு வார்த்தை அடித்தவர் இப்போது இருபத்திரண்டுக்கு இறங்கிவிட்டார். லோயர் கிரேடு தேற முப்பது வேண்டும். ஆலை வேலையில் கை தளர்ந்துவிட்டதோ என்று போன வாரம் தாளின் ஓரத்தில் "பயிற்சி போதாது" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

இன்று நான்கரைக்கே போய்விட்டேன். ஒரே பாடத்தை ஐந்தாம் நம்பரிலும் பன்னிரண்டாம் நம்பரிலும் அடித்துப் பார்த்தேன். ஐந்தாம் நம்பரில் நாற்பத்தாறு வார்த்தை, இரண்டு பிழை. பன்னிரண்டாம் நம்பரில் இருபத்தொன்பது வார்த்தை, பதினேழு பிழை. என் கைதான் தப்போ என்று மறுபடி அடித்தேன். மூன்றாம் தடவையும் அடித்தேன். கை தப்பில்லை. உருளை வரியின் பாதியில் நிற்கிறது. எந்தக் கையாலும் அதில் முப்பது அடிக்க முடியாது.

மூன்றாம் தாளை உருவும்போது வசந்தாமணி உள்ளே வந்தாள்.

"ஐயோ, ஏனக்கா அதுல போயி உக்காந்துட்டீங்க! ஆலைக் கையி பட்ட மிசினாச்சே. கையைக் கழுவீட்டு வந்து எங்குளுதத் தொடுங்க."

பின்னால் வந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "சோப்புப் போட்டுக் கழுவோணுமாக்கும்" என்றாள் ஒருத்தி.

"உங்கப்பன் போர் வண்டியில சேறு அள்றவிங்க ஆரு வசந்தா? அவிங்க தோண்டுன தண்ணியத்தான குடிக்கற?" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "அது வேலை. இது வேற" என்றாள். எது வேறு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையைக் கழுவவில்லை. ஐந்தாம் நம்பரில் போய் உட்கார்ந்தேன்.

19-7-1978, புதன்

வகுப்பு முடிந்து அம்மாசி சைக்கிளை எடுக்கும்போது கீழே நிறுத்திப் பேசினேன். மூன்று தாள்களையும் காட்டினேன். "பயிற்சி போதாதுன்னு எழுதுனது தப்புங்க. மிசின்தான் கோளாறு" என்றேன்.

அவர் தாள்களை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு ஒன்னரை மாசமாத் தெரியுமுங்க" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமல்லோ?"

"ஆருகிட்டங்க?"

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சம்மதமுன்னு எழுதுனீங்களே, ஞாபகமிருக்குதுங்களா? இதுல உக்காரு, இல்லாட்டிக் கீழ எறங்கிப் போன்னா, சரின்னுதானுங்க சொல்லுவேன். இந்த ஊர்ல இன்னொரு இன்ஸ்டிடியூட்டு இருக்குது. அங்க வாசப்படியிலயே 'சீட்டு இல்லை'ன்னு அனுப்பிச்சுட்டாங்க. எனக்குப் பின்னால வந்த பையனுக்குச் சீட்டு இருந்துச்சு. சார் சொல்றாரே, பிடிக்காட்டி வேற கடைக்குப் போலாமுன்னு. எந்தக் கடைக்குங்க போறது?"

பிறகு அவரே காரணத்தையும் சொன்னார். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை ஒன்று ஒதுக்கீட்டில் காலியாக இருக்கிறது. வேலைவாய்ப்பு ஆபீசில் இவர் முறை வந்துவிட்டது. ஆகஸ்ட் பரீட்சையில் லோயர் தேறினால் கிடைக்கும். பிப்ரவரிக்குத் தள்ளினால் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"அதுக்குத்தானுங்க வாயை மூடிக்கிட்டு உருளையத் தள்ளறேன்" என்றார். ஏறி உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தார். "சிவப்பு மையில எழுதாதீங்க. எங்க தங்கச்சி அதைப் பாத்துட்டு ரெண்டு நாளாத் திட்டறா, நான் ஒழுங்காப் படிக்கறதில்லைன்னு."

22-7-1978, சனி

இன்று நடந்ததைக் கோபம் குறைந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். குறையவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

நேற்று ஹால் டிக்கெட்டுகள் வந்தன. பரீட்சை ஆகஸ்ட் 12, சேலத்தில். இங்கிருந்து ஆறு மிஷின்கள் சாரின் லாரியில் போகும். யாருக்கு எந்த மிஷின் என்ற பட்டியலை நான் தயாரிக்க வேண்டும், சார் கையெழுத்துப் போடுவார். அம்மாசியின் பெயருக்கு நேரே 5 என்று எழுதினேன். லோயரும் ஹையரும் தனித்தனிப் பேட்ச். அதே மிஷினை எனக்கும் போட்டுக்கொண்டேன்.

சார் படித்தார். 5-ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதினார்.

"சார், பன்னண்டு ஓடறதில்லைங்க. மூணு தடவை அடிச்சுப் பாத்தேன். தாளு இருக்குது."

"மாதையன் வந்து பாப்பான்."

"மாதையன் ரெண்டு தடவை பாத்துட்டாருங்க. உள்ள பல்லு தேஞ்சுபோச்சு, மாத்தினாத்தான் ஆகுமுன்னு சொல்லீட்டாரு."

"பரீட்சைக்கு அப்பறம் மாத்திக்கலாம். இப்ப அஞ்சாம் நம்பரைக் குடுத்தா சுப்பையன் என்ன சொல்லுவாரு? அது வசந்தாமணியும் கைவெக்கற மிசினு."

"அவரு இஷ்டமுன்னு சொல்லுவாருங்க. அம்மாசி இஷ்டம் என்னன்னு ஆராச்சும் கேட்டமுங்களா?"

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். குரல் உயரவே இல்லை. "அம்மணி, நீ வெவரமான புள்ள. நான் ஆரையும் அடிச்சனா? வெரட்டுனனா? சுப்பையனுக்கு இஷ்டமில்லை, அது அவரு சுதந்திரம். இந்த மிசினு என்னுது, அது எம்பட சுதந்திரம். அம்மாசி சம்மதிச்சான், அது அவன் சுதந்திரம். இதுல கட்டாயம் எங்க இருக்குது, நீயே சொல்லு."

கட்டாயம் எங்கே இருக்கிறது என்று என்னால் உடனே விரலை வைத்துக் காட்ட முடியவில்லை. யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஊரே ஒன்றுபோல ஒதுங்கிக்கொண்டால், இழுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இதை இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அங்கே நின்றபோது சார் அடித்த 5-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் தலையாட்டியிருப்பேன். சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

"இப்ப ஒரு சட்டம் வேற வெச்சிருக்கறாங்க. குடியுரிமைப் பாதுகாப்பாம், பழைய தீண்டாமைச் சட்டத்தை ரெண்டு வருசமுன்ன பேரை மாத்திக் கடுமையாக்கியிருக்கறாங்க. எவனாச்சும் தூண்டிவிட்டான்னா வம்பு. அதனால ஒரு கடுதாசி டைப் பண்ணு. பன்னண்டாம் நம்பரை அம்மாசியே விரும்பிக் கேட்டு வாங்கிக்கிட்டதாவும், குறை எதுவுமில்லைன்னும். கீழ அவன் கையெழுத்துப் போடோணும். நீ சாட்சி."

தாளை மாட்டினேன். "ஐயா, நான் என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்பது வரை ஆங்கிலத்தில் அடித்தேன். கடைசி வரிசையிலிருந்து அம்மாசி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். என் விரல்கள் சாவிகளின் மேல் அப்படியே நின்றன. கெட்டவர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எமர்ஜென்சியை எதிர்த்தவர், என் அப்பாவிடம் எனக்காகப் பேசியவர், ஒருவனின் வாயிலிருந்து அவன் சொல்லாத விருப்பத்தை எழுதி வாங்குகிறார், அதற்கும் சுதந்திரம் என்றே பெயர் வைக்கிறார். அந்த வார்த்தையை இந்த மனிதரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

தாளை உருவினேன். "இதை நான் அடிக்க மாட்டனுங்க சார்."

வகுப்பில் மிஷின் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது.

"ஏன்?"

"இது பொய்யிங்க. ஜூன் மாசம் நான் எழுதுனதும் பொய்யிதானுங்க. அவரு சம்மதிக்கலை. வேற வழியில்லாம நின்னாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சார் நிதானமாகத் தலையாட்டினார். "சரி. அது உன்ற சுதந்திரம். நான் ஆரையும் கட்டாயப்படுத்தறவன் இல்லை. நாளையிலிருந்து நீ வர வேண்டாம். அவனும் வர வேண்டாம். ஹால் டிக்கெட்டைக் கையில குடுத்தர்றேன். மிசினை நீங்களே பாத்துக்குங்க."

கொடுத்தும்விட்டார். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

23-7-1978, ஞாயிறு

ஆத்திரத்தில் ராத்திரியே தாசில்தாருக்கு ஒரு புகார் எழுதிவிட்டேன். காலையில் ஆலை வாசலில் அம்மாசியிடம் காட்டினேன். நான்கு பக்கம். முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க. ஆனா இப்பக் குடுத்தா போலீசு வரும், விசாரணை வரும், நான் நாலு தடவை ஆலைக்கு லீவு போடோணும். பரீட்சை போயிரும். உங்குளுக்குக் கோவந் தணியோணும். எனக்கு மிசினு வேணுமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அது உண்மை. புகாரை எழுதும்போது அவர் வேலையை நினைத்தேனா, ஜூனில் நான் போட்ட அடிக்கோட்டை அழிப்பதை நினைத்தேனா என்று கேட்டுக்கொண்டேன். பதில் நன்றாக இல்லை. சாட்சியாக நான் கண்டதை மட்டும் ஒரு பக்கத்தில் தனியாக எழுதிக் கையெழுத்திட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். எப்போது, யாரிடம் கொடுப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

மத்தியானம் அவர் சேலம் போய் மாதையனைப் பார்த்துவிட்டு வந்தார். மாதையன் பட்டறையில் பழைய மிஷின் ஒன்று இருக்கிறதாம், நன்றாக ஓடுகிறதாம். மூன்று வாரத்துக்குத் தருகிறார். வாடகையில் பாதி அம்மாசி, பாதி நான். "ஹால்ல மிசினு ஆருதுன்னு கேக்க மாட்டாங்க, ஓடுதான்னுதான் பாப்பாங்க" என்று மாதையன் சொன்னாராம். மூன்று வாரப் பயிற்சிக்கு அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

வீட்டில் கேட்டேன். தறிக்கூடத்தில் ஒரு மேஜைக்கு இடம் இருக்கிறது. வெளிச்சமும் உண்டு. அப்பா தறியை நிறுத்தாமல் அம்மாவைப் பார்த்தார்.

"மிசினை வெச்சுக்க" என்றாள் அம்மா. "அவன் எப்படி வந்து அடிப்பான்?"

"உள்ள வந்துதாம்மா அடிக்கோணும்."

"தறிக்கூடத்துக்குள்ளயா? நம்ம ஊடு. ஆரை உள்ள உடறது, ஆரை உடறதில்லைங்கறது நம்ம இஷ்டம். இதை எவன் வந்து கேக்க முடியும்?"

அம்மா கந்தம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சாரின் பத்திரிகையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நான் ஒரு வருடமாக ஆங்கிலத்தில் அடித்துப் பழகிய வாக்கியம் எங்கள் சமையல்கட்டில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. சார் அதைப் பத்திரிகையிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்று இன்று எனக்குப் புரிகிறது. தன்னிடம் இருந்ததற்குப் பத்திரிகையில் மரியாதையான ஒரு சட்டை கிடைத்தது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் கத்தினேன். கத்தியது சரியா என்று தெரியவில்லை. "அப்ப நான் அவிங்க ஊட்டுக்குப் போயி அடிக்கறேன்" என்றேன்.

"போனவ திரும்பி இந்த ஊட்டுக்குள்ள எப்படி வர்றீன்னு பாக்கறேன்" என்றாள்.

அப்பா அப்போதுதான் தறியை நிறுத்தினார். "வருவா. கதவைத் தெறந்து வெக்கறது எம்பட இஷ்டம்" என்றார். அம்மா அவரை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் பேசவில்லை. என்ன ஆகும் என்று தெரியாது.

சாயங்காலம் அம்மாசியிடம் சொன்னேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்க ஊட்ல நாற்காலி கெடையாதுங்க. பள்ளிக்கூடத்து ஆத்தாயி டீச்சருகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கீரலாம்" என்றார். பிறகு, "நீங்க அஞ்சு மணிக்கு அடிங்க, நான் ஆறுக்கு அடிக்கறேன். எந்தங்கச்சி பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா, தொணதொணன்னு கேள்வி கேப்பா, பரவால்லீங்களா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

நாளை: காலை ஐந்தரை பஸ்ஸில் சேலம். மாதையன் பட்டறையில் மிஷினை ஒரு பக்கம் முழுக்க அடித்துப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். சுற்றிக் கட்டக் கோணிச்சாக்கு, கயிறு. புது ரிப்பன் ஒன்று. மிஷினை அம்மாசியின் வீட்டில் இறக்கிவிட்டு, மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்க வேண்டும்.